மூன்று போதும் என்கிற வேதநாயகி

வேதநாயகி தன் மேலாளர்களின் நாற்காலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார் என்று எனக்குச் சொன்னவள் நோரா. நோராவுக்குச் சொன்னது மூன்றாம் மாடி. மூன்றாம் மாடிக்கு யார் சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை.

"அரே, சும்மா சொல்றேன்னு நெனைக்கிறியா மேன்? பதினோரு வருஷத்துல ஏழு மேனேஜர் போய்ட்டாங்க. ஆன்ட்டி மட்டும் அதே சேர்ல குந்தினுகீது. நீயே யோசிச்சுக்க."

நோரா இதே பெங்களூரில், சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் உருதும் ஆங்கிலமும் டிக்கெட் எடுக்காமல் ஏறி வரும். அவள் சொன்னதை நம்பி, எங்கள் இப்போதைய மேலாளர் ஸ்ரீஹர்ஷா டீ குடிக்கப் போன நேரத்தில் குனிந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் இருந்தது. நாற்காலிச் சக்கரத்தில் மாட்டி நசுங்கியிருந்தது.

அது வேதநாயகியின் பையிலிருந்து உருண்டுபோனது, அவ்வளவுதான். தினமும் பதினோரு மணிக்கு பேன்ட்ரியில் வெந்நீர் பிடித்து, அதில் பாதிப் பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார். பித்தத்துக்கு நல்லதாம். செய்வினையின் முழு விவரம் இதுதான். ஆனால் வதந்தியை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. நானே கேட்டுவிட்டேன். "இருக்கட்டும்ப்பா. பயந்துகிட்டு இருந்தா நல்லதுதானே" என்றார்.

நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் வாணியம்பாடி, வீடு சந்தாபுராவில். இரண்டு பஸ் மாறி எட்டே முக்காலுக்குள் அலுவலகம் வந்துவிடுவார். ஐரோப்பாவின் சாலைகளில் பாலும் மீனும் ஏற்றிப் போகும் குளிர்சாதன லாரிகள் எங்கே நிற்கின்றன என்று கண்காணிக்கும் மென்பொருள் எங்களுடையது. பதினான்கு பேர் அதைப் பார்த்துக்கொள்கிறோம். நான் ஈப்போவிலிருந்து வந்தவன். என் விசா என் வேலையோடு ஒட்டியது. ஒன்று உதிர்ந்தால் மற்றதும் உதிரும். அதனால் உதிராமல் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். அந்த மாடியில் அப்படிப் பார்க்கத் தகுந்தவர் வேதநாயகி ஒருவர்தான். நான் அவரைவிட ஐந்து வயதுதான் இளையவன். வந்த முதல் நாளிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டதில்லை. "மலேசியா, கொஞ்சம் நகருங்க" என்பார்.

அவர் உட்காருவது வரிசையின் ஆறாவது நாற்காலி. வரிசையில் மொத்தம் பதினொன்று. ஜன்னலோரம் வேண்டாம், அங்கே உட்காருபவன் வெளியே பார்க்கிறான் என்று பேர் வரும். நடைபாதை ஓரம் வேண்டவே வேண்டாம், மேலாளர் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டு ஏதாவது வேலை ஞாபகம் வரும். மேசையில் செடி இல்லை, குழந்தை படம் இல்லை, பெயர் அச்சடித்த கோப்பை இல்லை. மாலையில் பையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தால், அந்த இடத்தில் மனிதர் வேலை பார்த்ததற்கே அடையாளம் இருக்காது. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்தா ஏற்கெனவே போய்ட்ட மாதிரி இருக்குதில்ல? போன ஆள யாருப்பா போகச் சொல்லுவாங்க?"

கூட்டங்களில் மூன்றாவதாகப் பேசுவார். முதலில் பேசுபவன் தலையில் வேலை விழும், கடைசியில் பேசுபவன் தலையில் திட்டு விழும். மின்னஞ்சலுக்கு இருபது நிமிடம் கழித்துத்தான் பதில். "ஒடனே போட்டா வேல இல்லாம கெடக்கறான்னு தெரிஞ்சுரும். ஒரு மணி நேரம் ஆச்சுன்னா தூங்கறான்னு தெரிஞ்சுரும்." மதியச் சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் வேறு மேசையில் சாப்பிடுவார். திங்கள் எங்களோடு, செவ்வாய் கணக்குப் பிரிவு. புதன்கிழமை மட்டும் கட்டட நிர்வாகத்து ஆட்களோடு. ஏசி, நாற்காலி, கதவுப் பூட்டு பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள். மேலே என்ன முடிவெடுத்தாலும் கடைசியில் ஒரு மேசையை நகர்த்தத்தானே வேண்டும், நகர்த்துகிறவனுக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவர் கொள்கை. அந்தப் புதன்கிழமைகளுக்காக வீட்டிலிருந்து கூடுதலாக இரண்டு கரண்டி வத்தக்குழம்பு வரும்.

ஆனால் இதெல்லாம் ஓரத்து வேலைப்பாடு. வேதநாயகியின் ஆயுள் ரகசியம் ஒரு எண். மூன்று.

ஆண்டுக்கொருமுறை ஏப்ரலில் எங்களுக்குச் சுயமதிப்பீட்டுப் படிவம் வரும். ஒன்றிலிருந்து ஐந்துவரை நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மேலாளர் தன் எண்ணைப் போடுவார். மூன்று என்றால் எதிர்பார்த்ததைச் செய்தார் என்று அர்த்தம். வேதநாயகி பத்து வருடமும் மூன்று போட்டிருக்கிறார், பத்து வருடமும் மூன்றே வாங்கியிருக்கிறார்.

"நடுவுல ஒரு வருஷம், பழைய மேனேஜர் ஒருத்தரு பாசத்துல நாலு போட்டுட்டாரு. விடுவனா? நேராப் போயி சண்ட போட்டு மாத்துனேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? ஆள கொறைக்கணும்னா என்னா பண்ணுவாங்க? ஷீட்ட தொறப்பாங்க. கம்மி மார்க்கு மேல வர்ற மாதிரி அடுக்குவாங்க. ஒண்ணு ரெண்டு வாங்குனவன் காலி. அது பத்தலன்னா, பெரிய சம்பளம் மேல வர்ற மாதிரி அடுக்குவாங்க. வருஷா வருஷம் அஞ்சு வாங்கி ஏறிப் போனான் பாருங்க, அவன் காலி. ரெண்டு தடவயும் நான் நடுவுல கெடப்பேன். அவ்ளோ தூரம் எறங்கி வரணும்னா அவங்களுக்கும் வெரல் வலிக்கும்ல?"

இந்தச் சித்தாந்தத்துக்கு வீட்டிலேயே ஒரு சான்று வைத்திருக்கிறார். கணவர் ரங்கநாதன். வேறொரு கம்பெனியில் தொடர்ந்து ஐந்துகளாக வாங்கிக் குவித்தவர். வரவேற்பறை ஷோகேஸில் கண்ணாடிக் கேடயங்கள் நிற்கின்றன. ஒன்று தீச்சுடர் வடிவம், ஒன்று நட்சத்திரம், ஒன்று என்ன வடிவம் என்று யாருக்கும் தெரியாது. கடைசிக் கேடயத்தை வாங்கிய அதே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த கம்பெனியிலும் அதே கதை, கேடயம் மட்டும் கொஞ்சம் சிறியது. மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். இருக்கிறார் என்றால் சும்மா இல்லை. தினமும் காலை எட்டு மணிக்கு லிங்க்ட்இன்னில் அலுவலக வெற்றிக்கு வழி சொல்கிறார். பால்கனியில் வடையைத் தூக்கிப்போன ஒரு காக்கை தனக்குத் தலைமைப் பண்பைக் கற்றுக்கொடுத்ததாகப் போன மாதம் எழுதியிருந்தார். அதைப் படித்துக் கண்கலங்கியதாக நொய்டாவிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார்.

"பதினஞ்சாயிரம் பேருக்கு வழி காட்டறாரு" என்பார் வேதநாயகி. "அந்த வடைய நான்தான்ப்பா சுட்டேன். அதப் பத்தி ஒரு வரி இல்ல."

மகள் அனுஷா இரண்டாம் பி.யு.சி., தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ, படிக்கிறாள். அந்த வீட்டில் மாதம் முடிந்தால் சம்பளம் வந்ததாகக் குறுஞ்செய்தி வரும் கைப்பேசி ஒன்றுதான். அது வேதநாயகியின் பையில் இருக்கிறது. மூன்று என்ற எண்ணை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் பிடியைத் தளர்த்திவிட்ட பெருமை என்னைச் சேரும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வரைபடத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் லாரிகள் காணாமல் போயின. சாலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் திரையில் இல்லை. தலைமை அலுவலகம் இருக்கும் ராட்டர்டாமிலிருந்து கத்தினார்கள். ஸ்ரீஹர்ஷா எல்லோரையும் கண்ணாடி அறைக்குள் கூட்டி, வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டார். நோரா சத்தமில்லாமல் மாதாவைக் கூப்பிட்டாள். வேதநாயகி மட்டும் ஆறாவது நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்து நாற்காலி என்பதால் நானும் எழவில்லை. ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார், சரிசெய்தார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சும்மா இன்னொரு தடவ ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்களேன்."

லாரிகள் எல்லாம் வந்து நின்றன. தானாகச் சரியாகிவிட்டது என்று பன்னிரண்டு பேரும் நம்பினார்கள். கோளாறு அறிக்கையை எழுதும் முறை அந்த வாரம் என்னுடையது.

எங்கள் குழுவில் அறிக்கை எழுதுவதற்கு ஒரு மரபு உண்டு. யார் பெயரும் வரக் கூடாது. குழு கண்டறிந்தது, குழு சரிசெய்தது, குழு வருந்துகிறது. நல்லதில் பெயர் வந்தவனுக்குக் கெட்டதிலும் பெயர் வரும் என்பதால் ஏற்பட்ட கட்டுப்பாடு இது. எங்கும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த இடத்தில் பெயர் எழுதாவிட்டால் அறிக்கை திரும்பி வரும். எனவே வேதநாயகி தனி ஒருவராக முப்பத்தெட்டு நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பரிசு வாங்கியவன் கை சும்மா இருக்குமா? அவருடைய நிதானத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன்.

அறிக்கை ராட்டர்டாம் போய், வேதநாயகியின் முகமாகத் திரும்பி வந்தது. லிஃப்ட் வாசலில் உள்ள பெரிய திரையில், கேன்டீன் மெனுவுக்கும் யோகா வகுப்பு அறிவிப்புக்கும் நடுவே அவர் படம். சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படம். கீழே 'எங்கள் நாயகி' என்று ஆங்கிலத்தில்.

"யாருப்பா இது, செத்துப்போனவங்க படம் மாட்டுன மாதிரி?" என்று கேட்டபடி வந்தவர், அது யார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மலேசியா. நான் உங்கள என்னாப்பா பண்ணேன்?"

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. திங்கள்கிழமைச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஐந்தாம் நாள் என் மேசையருகே வந்து, யாரும் கேட்காத தொனியில், அந்த அறிக்கையைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னார்.

"வெளியே அனுப்பினால் வேலை போய்விடும்க்கா."

"அப்ப பிரின்ட் எடுத்துக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கோ. எடுங்க."

இரண்டு பக்கம். நான்காக மடித்து, கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் வந்தது. அவர் வழக்கம்போல் தனக்கு மூன்று போட்டார். ஸ்ரீஹர்ஷா அதை அடித்து ஐந்தாக்கினார். ஐந்தோடு 'லீட்' என்கிற குழுத்தலைவர் பதவியும் வரும். ஸ்ரீஹர்ஷாவுக்கு முப்பத்திரண்டு வயது, மைசூர்க்காரர், நல்ல பையன். தன்னால் ஒருவருக்கு நல்லது நடந்தது என்ற சந்தோஷம் முகத்தில் வழிந்தது. வேதநாயகி அவரைப் பார்க்க நேரம் கேட்டார். சக ஊழியர் சாட்சி என்று என்னையும் உள்ளே இழுத்தார்.

"மேடம், யாக்கெ இஷ்டு டென்ஷன்? எதுக்கு இவ்ளோ டென்ஷன்? எல்லாரும் ஏத்திக் குடுன்னு அழறாங்க. நீங்க மட்டும்தான் எறக்கிக் குடுன்னு அழறீங்க."

"மூரு சாக்கு சார்." மூன்று போதும் என்கிறார். கெஞ்ச வேண்டிய இடத்தில் கன்னடத்துக்கு மாறிவிடுவார்.

"தவுசண்ட் நைன் ஹண்ட்ரட் லாரி மேடம்!"

"லாரி அதுவா வந்துச்சு சார்."

"ரிப்போர்ட்ல தெளிவா இருக்கே?"

"அவரு மலேசியாக்காரரு சார். அந்த ஊர்ல கொஞ்சம் ஜாஸ்தியாவே புகழுவாங்க."

ஸ்ரீஹர்ஷா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்க பண்ணாங்களா, அதுவா வந்துச்சா?"

வேதநாயகியும் என்னைப் பார்த்தார். எனக்கு என் விசாவின் கடைசித் தேதி ஞாபகம் வந்தது.

"குழு செய்தது சார்" என்றேன்.

ஸ்ரீஹர்ஷா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நிலைமையை விளக்கினார். இணையதளத்தில் ஒரு பொத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் 'ஏற்கிறேன்' என்று அமுக்கினால் லீட். அமுக்காவிட்டால், வளர்ச்சியில் நாட்டமில்லாதவர் என்ற பட்டியலில் கணினியே சேர்த்துவிடும். அந்தப் பட்டியல் நேராக எச்.ஆர்.க்குப் போகும். "அது என் கைல இல்ல மேடம்."

வெளியே வந்ததும் வேதநாயகி சொன்னார்: "பாத்தீங்களா, நடுவுல எடமே வைக்கல."

லீட் ஆகிவிட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. அவர் அதற்கும் புதன்கிழமைச் செய்தி வைத்திருந்தார். மாடியில் இப்போது ஐந்து லீட்களுக்குக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. அடுத்த காலாண்டுக்கு இரண்டு பலகைக்குத்தான் சொல்லியிருக்கிறார்களாம். குழம்பு ஊற்றிய கைக்கு அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். குறைந்தது மூன்று லீட் போகிறார்கள், புதிதாக ஏறியவர் முதலில். அமுக்கினால் அந்தப் பட்டியல், அமுக்காவிட்டால் இந்தப் பட்டியல்.

இந்த யோசனையில் அவர் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ரங்கநாதன் கடமையைச் செய்தார். 'அடக்கத்திலிருந்து தலைமைக்கு: என் மனைவியின் பயணம்' என்று ஒரு பதிவு. வேதநாயகி லீட் ஆகிவிட்டார் என்றே எழுதிவிட்டார். கூடவே ஒரு படம். அதில் அவர் நைட்டியில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அறுநூறு பேர் விரும்பியிருந்தார்கள். எங்கள் எச்.ஆர். அதிகாரி அமல் கைதட்டல் குறி போட்டிருந்தார்.

நோராதான் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினாள். வேதநாயகி படிக்கட்டுப் பக்கம் போனார். கதவு முழுதாக மூடவில்லை.

"ஏங்க... எடுங்க அத மொதல்ல. இல்ல, லைக் எவ்ளோன்னு நான் கேக்கல... அனுஷா சொன்னாளா? அவளுக்கு என்னா தெரியும்... நான் இன்னும் அமுக்கவே இல்லைங்க! ... யாரு? ஸ்ரீஹர்ஷாவா? அவரும் வந்து எழுதியிருக்காரா?"

கதவிடுக்கில் அவர் சுவரில் சாய்வது தெரிந்தது.

"என்னா எழுதியிருக்காரு?"

புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார்.

"மெதுவா படிங்க... இன்னொரு தடவ." குரல் இறங்கிப்போயிருந்தது. "ம். ... ம். சரி, எடுக்க வேணாம், இருக்கட்டும். அந்த பீன்ஸ் போட்டோவ மட்டும் மாத்துங்க. கல்யாணத்துக்குப் போனோமே, பச்சப் புடவ, அத போடுங்க."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தார். 'ஏற்கிறேன்' பச்சையில் இருந்தது. 'மறுக்கிறேன்' சாம்பலில், கண்டுபிடிக்கவே கஷ்டமான அளவில் இருந்தது. நடுவில் வெறும் வெள்ளை. அம்புக்குறியை அந்த வெள்ளையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

"அமுக்கு ஆன்ட்டி, பாத்துக்கலாம்" என்றாள் நோரா.

"ஏன், நீ வந்து அமுக்கறியா? அப்படியே சேர்லயும் குந்திக்க. காலியாதான் ஆவும்."

"ஐயோ, எனக்கு வாணாம்மா. ஆறாம் நம்பர் சேர்ல ஸ்பிரிங்கு குத்துதாம்."

"யாரு சொன்னா?"

"மூணாவது மாடி."

வேதநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஸ்பிரிங் ஒன்றும் குத்தவில்லை என்று காட்டுவதற்காக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு கைப்பையின் உள் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, உள்ளே ஒருமுறை பார்த்து, மூடினார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு லேப்டாப் மணியடித்தது. அமலிடமிருந்து வீடியோ அழைப்பு. நேரம் முடியப்போகிறது, இன்னும் எதையும் அமுக்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நோரா தன் இடத்துக்கு நழுவினாள். நான் என் திரையில் எதையோ படிப்பதுபோல் பாவனை செய்தேன்.

அவர் லேப்டாப்பின் மேல் விளிம்பில், கேமராக் கண்ணின் மீது ஒரு அரக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். எந்த வீடியோ கூட்டத்திலும் அவர் இடத்தில் கறுப்புக் கட்டம்தான் தெரியும். கேட்டால் கேமரா ரிப்பேர் என்பார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேதநாயகி நகத்தால் பொட்டின் ஓரத்தை நெம்பினார். அது சுலபத்தில் வரவில்லை. இன்னொரு நகத்தையும் கொடுத்து உரித்தெடுத்து, விரல் நுனியில் வைத்து, பசை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காலைப் பேருந்து நெரிசலில் நெற்றிப் பொட்டு எங்கோ விழுந்திருந்தது. இடது கையால் கைப்பேசியை எடுத்து, அதன் கறுத்த திரையில் முகம் பார்த்து, இதைப் புருவங்களுக்கு மத்தியில் வைத்து ஒருமுறை அழுத்தினார். சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது. கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மணி நிற்கவில்லை.